பல்கலைக்கழக அலுவலகப் பணிக்கு நேர்காணல்: அறிவிப்பைப் படிப்பது முதல் நியமனக் கடிதம் வரை

நேர்காணல் முடிந்து நீங்கள் நன்றி சொல்லிவிட்டு வெளியே போனதும், அறைக்குள் சிறிது நேரம் யாரும் பேச மாட்டார்கள். ஒவ்வொருவரும் முன்னால் இருக்கும் தாளில் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தாளில் மூன்று கட்டம் இருக்கும்: முதலாவதில் தகுதி, நடுவில் நீங்கள் சொன்னது, கடைசியில் மதிப்பெண். எழுதி முடித்த பிறகுதான் பேச்சே தொடங்கும்.

இப்படிப்பட்ட குழுக்களில் நான் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். திறமையான ஒருவர் சரளமாகப் பேசிவிட்டுப் போயிருப்பார். என் தாளின் நடுக் கட்டத்தில் மட்டும் எழுத ஒன்றும் இருக்காது. ‘அனுபவம் உள்ளவர் போலத் தெரிகிறது’ என்று எழுதி மதிப்பெண் போட முடியாது. அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். வேலையைச் செய்யக்கூடியவர்தான், அதை எழுதிக்கொள்ளும்படி சொல்லத் தெரியாமல் போய்விட்டது. அந்தக் கட்டத்தை நிரப்புவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி முழுவதும்.

பாடம் நடத்தும் பணிகளை இங்கே பேசவில்லை. மாணவர் சேர்க்கை, பதிவாளர் அலுவலகம், தேர்வுப் பிரிவு, நிதி, ஆய்வு நிர்வாகம், நூலகம், கணினிப் பிரிவு, லேப், விடுதி, மாணவர் நலன், துறை அலுவலகம் என்று ஒரு பல்கலைக்கழகத்தை நாள்தோறும் ஓட வைக்கும் பணிகளுக்கானது இது.

1. அறிவிப்பைச் சேமித்து, கட்டம் போட்டுப் பிரியுங்கள்

விண்ணப்பிக்கும் அன்றே பணி அறிவிப்பையும் பணி விவரத்தையும் பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள். கடைசித் தேதி முடிந்ததும் பல இணையதளங்களில் அந்தப் பக்கம் மறைந்துவிடும். நேர்காணலுக்கு அழைப்பு வரும்போது தேடினால் கிடைக்காது.

பெரும்பாலான அறிவிப்புகளில் தகுதிகள் இரண்டு வகையாக இருக்கும்: கட்டாயம் வேண்டியவை, இருந்தால் நல்லது என்பவை. குழுவின் மதிப்பெண் தாள் பெரும்பாலும் இந்தப் பட்டியலிலிருந்துதான் பிறக்கிறது. அதாவது, வினாத்தாளில் பாதி உங்கள் கையில் முன்கூட்டியே இருக்கிறது. ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் ஒவ்வொரு தகுதியையும் அவர்கள் எழுதிய அதே சொற்களில் எழுதுங்கள். வலப்பக்கம் அதற்கு உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்வு. வலப்பக்கம் காலியாக இருக்கும் வரிகள்தான் நீங்கள் உழைக்க வேண்டிய இடம். ‘இருந்தால் நல்லது’ வகையில் ஒன்றிரண்டு இல்லாவிட்டால் பதற வேண்டாம். அழைப்பு வந்ததே கட்டாயத் தகுதிகளைத் தாண்டிவிட்டீர்கள் என்பதற்கு அடையாளம்.

2. குழுவையும் அதன் மௌனத்தையும் புரிந்துகொள்ளுங்கள்

தனியார் நிறுவனத்தில் பல சமயம் ஒரே மேலாளர் பேசிப் பார்த்து முடிவு செய்துவிடுவார். பல்கலைக்கழகத்தில் அது அரிது. மூன்று முதல் ஐந்து பேர் உட்காருவார்கள், சில இடங்களில் இன்னும் அதிகம். உங்கள் மேலதிகாரியாகப் போகிறவர், நீங்கள் அடிக்கடி தொடர்புகொள்ள வேண்டிய இன்னொரு அலுவலகத்தைச் சேர்ந்தவர், ஒரு பேராசிரியர், மனிதவளத் துறையிலிருந்து ஒருவர், மாணவர்களோடு பழகும் பணி என்றால் சில சமயம் ஒரு மாணவரும் இருப்பார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இந்தக் குழு பரிந்துரை மட்டும்தான் செய்யும், முடிவெடுப்பவர் டீனோ இயக்குநரோ. முடிவு வரத் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி கேட்டவர் முகத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். ஆளுக்கு ஒரு கவலையோடு அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். மேலதிகாரிக்கு வேலை தேங்கக்கூடாது. பேராசிரியருக்குத் தன் ஆய்வுப் பணம் நேரத்துக்குச் செலவாக வேண்டும். மாணவருக்குத் தன்னை மனிதராக நடத்த வேண்டும்.

அவர்கள் தலையாட்ட மாட்டார்கள், சிரிக்க மாட்டார்கள். அதைக் கண்டு பலர் குலைந்துபோகிறார்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பிடும் முறைக்கு வலுவான ஆய்வு ஆதாரம் இருக்கிறது. உளவியலாளர்கள் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் ஆள்தேர்வு பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 1998ல் வெளியிட்ட கட்டுரை இத்தகைய நேர்காணலுக்கு உயர்ந்த இடம் தந்தது. பால் சாக்கெட்டும் மற்றவர்களும் அந்தக் கணக்கை 2022ல் மறுபடி போட்டுப் பார்த்தபோது, பணித்திறனை முன்கூட்டிக் கணிக்கும் வழிகளில் முதலிடத்துக்கே அது வந்தது. ஆகவே அந்த மரத்த முகங்கள் நியாயமாக இருக்க எடுக்கும் முயற்சிதான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு உண்டு. நீங்கள் வாய்திறந்து சொல்லாததை அவர்கள் எழுத முடியாது. ‘விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டிருக்கிறேன்’ என்று ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அதே பல்கலைக்கழகத்தில் ஏற்கனவே வேலை செய்பவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். எதிரே இருப்பவருக்குத் தன் வேலை தெரியும் என்று நினைத்துச் சுருக்கிவிடுவார்கள். வெளியிலிருந்து வந்தவர் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி மதிப்பெண் வாங்கிப் போய்விடுவார். தெரிந்தவர் முன்னாலும் முதலிலிருந்து சொல்லுங்கள்.

3. அந்த இடம் எப்படி இயங்குகிறது என்று படியுங்கள்

இணையதளத்தின் முகப்பில் இருக்கும் பெருமைகளை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. மூன்றைத் தேடிப் படியுங்கள்: கல்வி ஆண்டு நாட்காட்டி, அடுத்த சில ஆண்டுகளுக்கான செயல்திட்டம், நீங்கள் சேரப்போகும் அலுவலகத்தின் பக்கம்.

இவற்றில் நாட்காட்டிதான் அதிகம் உதவும். சேர்க்கை, கட்டணம், தேர்வு, மதிப்பெண் வெளியீடு, பட்டமளிப்பு என்று ஆண்டு முழுவதும் அலை அலையாக வேலை வரும். உங்கள் பணிக்கு எந்த வாரங்கள் உச்சம் என்று கண்டுபிடித்துவைத்து, ‘முதல் செமஸ்டர் பதிவு வாரமும் மதிப்பெண் வெளியீடும் அடுத்தடுத்து வருகின்றன. அந்த நாட்களில் இந்த அலுவலகம் எப்படிப் பிரித்துக்கொள்கிறது?’ என்று கேட்டால், வேலையை ஏற்கனவே தொடங்கிவிட்டவர் போல இருக்கும். ஆய்வு நிர்வாகப் பணி என்றால் நிதி தரும் அமைப்புகளின் கடைசித் தேதிகள்தான் அலை. அந்தத் தேதிகள் யாருக்காகவும் நகராது.

அப்புறம், அதிகாரம். பல்கலைக்கழகத்தில் அது பல கைகளில் சிதறிக் கிடக்கும். துறைத் தலைவர் சில ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்துவிட்டுப் பாடம் நடத்தத் திரும்பிப் போவார், அலுவலகப் பணியாளர் அங்கேயே இருப்பார். விதியை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு உங்களுடையது, பேராசிரியருக்கு உத்தரவு போடும் அதிகாரமோ உங்களிடம் இல்லை. இந்த நிலையில் காரியம் சாதிக்கத் தெரிந்தவரா என்பதைத்தான் பாதிக் கேள்விகள் சுற்றி வளைத்துக் கேட்கின்றன.

4. ஆறேழு நிகழ்வுகளைத் தயார் செய்யுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ‘நீங்கள் எப்போதாவது...’ என்று தொடங்கும் கேள்விகள் நிறைய வரும். ஒவ்வொரு கேள்விக்கும் தனி விடை தயாரிக்கப் போனால் முடிவே இருக்காது. ஆறேழு உண்மை நிகழ்வுகளைத் தேர்ந்தெடுத்து, எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் திருப்பிச் சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் இருந்தவரைச் சமாளித்தது, பல வேலைகள் ஒன்றாக வந்தபோது முன்பின் வரிசை வகுத்தது, நடைமுறை ஒன்றைச் சீர் செய்தது, செய்த தவறு, ஒத்துப்போகாத சக ஊழியரோடு வேலை முடித்தது, புதிதாக ஒன்றை அவசரமாகக் கற்றது. இவை இருந்தால் பெரும்பாலும் போதும்.

ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லப் பழகுங்கள். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது. நேரத்தில் பெரும்பகுதி மூன்றாவதற்குப் போக வேண்டும். பலர் நிலைமையை விவரிப்பதிலேயே நேரத்தைத் தீர்த்துவிட்டு, ‘அப்படியே சரி செய்துவிட்டோம்’ என்று முடித்துவிடுவார்கள். நாங்கள் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருப்போம், எழுத ஒன்றும் வராது.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘வேலை குவியும்போது எப்படிக் கையாளுவீர்கள்?’

‘நான் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யக்கூடியவன், அழுத்தத்தில் நன்றாகச் செயல்படுவேன்.’ இதில் எழுத ஒன்றுமில்லை.

இப்போது இன்னொரு பதிலைக் கற்பனை செய்துபாருங்கள்: ‘முந்தைய வேலையில் சேர்க்கைக் காலத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 60 மின்னஞ்சல் வரும், பதில் போக நான்கு நாள் ஆகும். ஒரு வாரம் வந்தவற்றை உட்கார்ந்து வகை பிரித்தேன். பாதிக்கு மேல் ஐந்தே கேள்விகள்தான். அந்த ஐந்துக்கும் பதில் எழுதி, மேலதிகாரியிடம் சரிபார்த்து, விண்ணப்பப் பக்கத்திலேயே போட வைத்தேன். கட்டணக் கெடு தொடர்பானவை மட்டும் தனிக் கோப்புறையில் விழும்படி அமைத்து, காலையில் முதலில் அதைப் பார்த்தேன். மூன்று வாரத்தில் மறுநாளே பதில் போகும் நிலைக்கு வந்தது.’ இதைக் கேட்கும்போது பேனா நிற்காது. எண்கள் இருப்பதால் மட்டும் இல்லை, அவர் யோசித்த விதமே அதில் தெரிகிறது. உங்கள் நிகழ்வில் எண் இல்லையென்றால் இட்டுக்கட்டாதீர்கள். ‘அதற்குப் பிறகு அந்தப் புகார் வரவில்லை’ என்பதும் முடிவுதான்.

இன்னொன்று. ‘நாங்கள் செய்தோம்’ என்று சொல்வது பலருக்குப் பழக்கம், ‘நான்’ என்று சொல்லக் கூச்சம். தாளில் உங்கள் பெயருக்கு நேராக ‘நாங்கள்’ என்பதை எழுத முடியாது. குழுவாகச் செய்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டு, ‘அதில் என் பங்கு இது’ என்று பிரித்துச் சொல்லுங்கள். தற்பெருமையாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

பள்ளி, வங்கி, மருத்துவமனை, கடை என்று எங்கே வேலை செய்திருந்தாலும் அந்த நிகழ்வு செல்லும். முடிவில் ஒரே ஒரு வாக்கியத்தில் இந்தப் பணியோடு கோத்துவிடுங்கள்.

5. அடிக்கடி வரும் கேள்விகள்

*ஏன் பல்கலைக்கழகத்தில் வேலை செய்ய விரும்புகிறீர்கள்?* ‘அமைதியான சூழல், நிலையான வேலை’ என்ற பதில் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் பதிவு வாரத்தில் வரிசையில் நிற்கும் நூறு பேரைப் பார்த்தவர்களுக்கு அது அறியாமையாகப் படும். படிக்கும் காலத்தில் ஒரு அலுவலகப் பணியாளர் உங்கள் சிக்கல் ஒன்றைத் தீர்த்துவைத்தது நினைவிருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் இந்தக் குறிப்பிட்ட அலுவலகம் செய்யும் வேலையில் உங்களை ஈர்ப்பது எது என்று சொல்லுங்கள்.

*ஒரு மூத்த பேராசிரியர் விதியை மீறி ஒன்றைச் செய்யச் சொல்கிறார். என்ன செய்வீர்கள்?* முன் அனுமதி இல்லாமல் வாங்கிய பொருளுக்குப் பணம் கேட்பது, கெடு முடிந்த பிறகு மதிப்பெண் தருவது, இப்படி ஏதாவது. முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்பவரும் வேண்டாம், பயந்து கையெழுத்துக்கு அனுப்புபவரும் வேண்டாம். அவருக்கு உண்மையில் என்ன தேவை என்று கேட்பேன், விதிக்குள் அதற்கு வழி இருக்கிறதா என்று பார்ப்பேன், விதிவிலக்கு தரும் அதிகாரம் யாரிடம் என்று கண்டு அங்கே கொண்டுபோவேன், பேசியதை மின்னஞ்சலில் பதிவு செய்வேன், அடுத்த முறை இப்படி ஆகாமலிருக்க முன்கூட்டியே நினைவூட்டுவேன். இந்த வரிசையில் சொல்லுங்கள். விதி எதற்காக இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. தணிக்கையில் அந்தத் துறைக்கே சிக்கல் வராமல் காப்பதும் அந்த விதிதான்.

*ஒரு பெற்றோர் போனில் தன் மகளின் மதிப்பெண்ணைக் கேட்கிறார்.* மாணவர் தொடர்பான எந்தப் பணிக்கும் இது வரலாம். அமெரிக்காவில் 1974ல் வந்த ஃபெர்பா சட்டப்படி, மாணவருக்கு 18 வயதானாலோ உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்தாலோ அவருடைய கல்விப் பதிவுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்கே போய்விடுகிறது. சில விதிவிலக்குகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் ஜி.டி.பி.ஆர். என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் நாட்டின் சட்டம் எது என்று முந்தைய நாளே படித்துவிடுங்கள். பதிலில் இரண்டும் தெரிய வேண்டும்: தனிப்பட்ட விவரம் எதையும் சொல்லமாட்டீர்கள், அதே சமயம் கவலையோடு கூப்பிட்டவரை வெறுங்கையோடு அனுப்பவும் மாட்டீர்கள். தேர்வு முடிவுகள் பொதுவாக எப்போது வெளியாகும், மாணவர் தானே எப்படிப் பார்க்கலாம், மாணவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை எப்படித் தருவது என்பதெல்லாம் யாருக்கும் சொல்லலாம்.

*ஒரு மாணவர் உங்கள் மேசை முன் வந்து அழுகிறார்.* ஒதுக்குப்புறமான இடத்தில் உட்காரவைத்துக் கேட்பது, நீங்களே ஆலோசகராக மாறாமல் ஆலோசனை மையத்தோடு தொடர்புபடுத்துவது, முடிந்தால் கூடவே நடந்துபோய் விடுவது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் சொல்லியாக வேண்டும், அதை அந்தக் கணமே செய்ய வேண்டும். இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொன்னவர்களை நான் மறந்ததில்லை.

*சமத்துவம், பன்முகத்தன்மை பற்றி என்ன நினைக்கிறீர்கள்?* ‘எல்லாரையும் சமமாக நடத்துவேன்’ என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். செய்த ஒன்றைச் சொல்லுங்கள். பார்வையற்றவர் பயன்படுத்தும் மென்பொருளால் படிக்க முடியாதிருந்த படிவத்தை மாற்றியிருக்கலாம், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்காக மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கவுன்ட்டரைத் திறந்துவைத்திருக்கலாம்.

தெரியாத ஒன்றைக் கேட்டால், ‘அந்த மென்பொருளை நான் பயன்படுத்தியதில்லை. அதைப் போன்ற இன்னொன்றை இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டேன்’ என்று நேராகச் சொல்லுங்கள். தெரிந்ததுபோல் பேசினால் அடுத்த கேள்வியில் வெளிப்பட்டுவிடும்.

6. எழுத்துத் தேர்வு, விளக்கவுரை

எக்செல் பயிற்சி, ஒரு கோபமான மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது, பத்துப் பன்னிரண்டு வேலைகளை வரிசைப்படுத்துவது போன்ற சிறு தேர்வு இருக்கலாம். இருக்குமா என்று அழைப்பு வந்ததும் கேட்டுவிடுங்கள். வரிசைப்படுத்தும் தேர்வில் வரிசையை விடக் காரணத்துக்குத்தான் மதிப்பு, ஒவ்வொன்றுக்கும் அரை வரி காரணம் எழுதுங்கள். விளக்கவுரைக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் எட்டில் முடியும்படி தயாரியுங்கள்.

7. அந்த நாள்

முதல் சுற்று பெரும்பாலும் போனிலோ ஸூமிலோ இருக்கும், அரை மணி நேரம். வீடியோவில் கேமராவைப் பார்த்துப் பேசுங்கள், ஒரு தாளில் நிகழ்வுகளின் பெயர்களை மட்டும் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முழு விடையை எழுதிவைத்தால் வாசிப்பது தெரிந்துவிடும்.

நேரில் போகும்போது வளாகம் பெரிதாக இருக்கும், கட்டடங்களின் பெயர்கள் குழப்பும். அரை மணி முன்னதாகவே வளாகத்துக்குள் இருங்கள். மூத்த பணிகளுக்கு அமெரிக்காவில் அரை நாள், ஒரு நாள் என்றுகூட வைத்து, பல குழுக்களைச் சந்திக்கவைப்பார்கள். அதே கேள்வி நான்காவது முறை வந்தாலும் முதல் முறை கேட்டதுபோல் முழுதாகப் பதில் சொல்லுங்கள், அவர்களுக்கு அது முதல் முறைதான். வரவேற்பறையில் இருப்பவரிடம் மரியாதையாகப் பேசுங்கள். உங்கள் சக ஊழியர் ஆகப்போகிறவர் அவர்.

கேள்வி நீளமாக இருந்தால் மறுபடி கேட்கச் சொல்லலாம், சில விநாடி யோசிக்கலாம், குறிப்பெடுக்கலாம். இதற்கெல்லாம் யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

உடல் நிலையாலோ வேறு காரணத்தாலோ ஏதாவது ஏற்பாடு தேவைப்பட்டால் முன்கூட்டியே மனிதவளத் துறைக்கு எழுதுங்கள். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டமும், வேலை தருவதாகச் சொல்வதற்கு முன் உடல்நலம் பற்றிய கேள்விகள் கேட்பதைப் பெரும்பாலும் தடுக்கின்றன.

8. நீங்கள் கேட்க வேண்டியவை

‘கேள்வி ஏதும் இருக்கிறதா?’ என்றால் ‘இல்லை’ என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள். நான் கட்டாயம் கேட்கச் சொல்வது ஒன்று: இந்தப் பணிக்கான பணம் எங்கிருந்து வருகிறது? பல்கலைக்கழகத்தின் நிரந்தர பட்ஜெட்டிலிருந்து வரும் பணியும், ஆய்வு மானியத்திலிருந்து வரும் பணியும் அறிவிப்பில் ஒன்றுபோலவே தெரியும். மானியம் முடிந்தால் இரண்டாவது வகைப் பணியும் முடிந்துவிடலாம். அதற்காக வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, நல்ல ஆய்வுக் குழுக்களில் அருமையான வேலைகள் இருக்கின்றன. தெரிந்துகொண்டு சேர வேண்டும், அவ்வளவுதான்.

வேலை கொடுப்பவர் ஒருவரா, ஐந்து பேராசிரியர்களா? ஐந்து பேர் என்றால் முரண்பாடு வரும்போது யார் தீர்ப்பார்? முதல் ஆறு மாதத்தில் என்ன நடந்திருந்தால் சரியான ஆளை எடுத்தோம் என்று நினைப்பீர்கள்? இவையும் நல்ல கேள்விகள். சம்பளத்தைக் குழுவிடம் கேட்க வேண்டாம், அது மனிதவளத் துறையோடு பேச வேண்டியது.

9. சம்பளம்

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு பணிக்கும் ஒரு தரம் உண்டு, தரத்துக்குள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சம்பளப் படிநிலைகள் உண்டு. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் பொதுவான சம்பள அட்டவணை ஒன்றைப் பின்பற்றுகின்றன. அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சம்பளங்கள் பொதுவெளியிலேயே கிடைக்கும். தரத்தை மாற்றுவது கடினம், எந்தப் படிநிலையில் தொடங்குவது என்பதில் பேச இடம் இருக்கும். முந்தைய அனுபவத்தை ஆண்டுக் கணக்கோடு எழுத்தில் கொடுங்கள். கூடவே விடுமுறை, ஓய்வூதியம், பணியாளருக்கும் பிள்ளைகளுக்கும் கல்விக் கட்டணச் சலுகை உண்டா, அது எத்தனை மாதம் கழித்துக் கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். சம்பளம் சற்றுக் குறைவாகத் தெரிந்த இடத்தில் இவை கணக்கை மாற்றிவிடும்.

10. அதற்குப் பிறகு

அன்றோ மறுநாளோ நாலு வரியில் நன்றி மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்களைப் பற்றிச் சொல்ல ஒப்புக்கொண்டவர்களுக்குப் பணி விவரத்தை அனுப்பி, எந்த நிகழ்வுகளைச் சொன்னீர்கள் என்று தெரிவியுங்கள். பரிந்துரை கேட்டு மின்னஞ்சல் வந்தால் அவர்கள் தடுமாற மாட்டார்கள்.

பிறகு காத்திருக்க வேண்டும். குழுவின் பரிந்துரை, மேலிட ஒப்புதல், நிதி ஒப்புதல், பின்னணிச் சரிபார்ப்பு என்று வாரங்கள் ஓடும். மௌனத்தை நிராகரிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் சொன்ன தேதி தாண்டி ஒரு வாரம் ஆனால் ஒருமுறை கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால், எந்தத் தகுதியில் குறைந்தது என்று பணிவாகக் கேட்டு எழுதுங்கள். தாளில் எழுதிவைத்திருப்பதால் சில குழுக்கள் தெளிவாகவே சொல்லும். அதே பல்கலைக்கழகத்தில் இதே போன்ற பணி மறுபடி வரும்போது தயங்காமல் விண்ணப்பியுங்கள். இரண்டாவது முறை வந்து வேலை வாங்கியவர்களோடு நான் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன்.

கிடைத்துவிட்டது என்று போன் வந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அன்றே இப்போதைய வேலையை ராஜினாமா செய்துவிடாதீர்கள். பதவி, தரம், படிநிலை, சேரும் தேதி, தகுதிகாண் காலம், பணி நிரந்தரமா குறித்த காலத்துக்கா என்பதெல்லாம் எழுதிய நியமனக் கடிதம் கைக்கு வந்து, சரிபார்ப்பு முடிந்ததாக எழுத்தில் வந்த பிறகு ராஜினாமா கொடுங்கள்.